முள் எழும் நேரம்

லாரிகளின் நெற்றியில் பெயர் எழுதப்படும் பெண்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஓட்டுநரைப் பற்றி எழுதுகிறார்கள். அவர் குடிப்பதையும் சாலையோரம் அழுவதையும் எழுதுகிறார்கள். முதலாளியைப் பற்றி எழுதுகிறார்கள். மூட்டை ஏற்றுகிறவரைப் பற்றிக்கூட, மனசாட்சி உள்ள சிலர், எழுதியிருக்கிறார்கள். இரு பக்கமும் மயில் வரைந்து நடுவில் கொட்டை எழுத்தில் தீட்டப்படும் அந்த மகளோ மனைவியோ வண்டிக்குள் ஒரு நாளும் ஏறியிருக்க மாட்டாள். அவள் பெயர் மட்டும் ஊர் ஊராகப் போய்ப் புழுதி தின்றுவிட்டுத் திரும்பி வரும். சந்தனமாரி ஏறியிருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே போகும் கரைச்சாலையில், உப்பு ஏற்றிய, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மூக்கு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், இருபுறத்துப் பாத்திகளிலிருந்தும் முன்பகல் வெயில் கண்ணுக்குள் அடிக்க, அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல், கண்ணாடிக்கு அந்தப்புறம், சந்தனமாரி என்று எழுதியிருந்தது. எதிரே, எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் காட்டும் ஆயில் மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

படுத்திருந்தது என்பதுதான் சரியான சொல் என்று நினைத்தாள். விழுந்துவிட்டது என்றார் தொம்மை, அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியை ஓட்டுகிறவர். செத்துப்போச்சு என்றான் அண்ணன் காசிராஜன், போனில். அவன் சொன்னது முள்ளையல்ல, எஞ்சினை. ஒரே முள்ளுக்கு மூன்று வினைச்சொற்கள், மூவருக்கும் அதைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது கீழே இருக்கிறது என்பது. முள் இறங்கியதைப் பார்த்ததும் தொம்மை எஞ்சினை நிறுத்தினார், அது சரி, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். நிறுத்திய கையோடு போனை எடுத்து அண்ணனுக்குப் பேசினார், அவள் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதே, அதுவும் ஒரு பழக்கம்தான், பிரேக்கை மிதிக்கிற மாதிரி, கால் தானாகப் போகிற மாதிரி. அண்ணன் உடனே பட்டறை ஆவுடையப்பனைக் கேட்டான். ஆவுடையப்பன் வண்டியைப் பார்க்காமலே, பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பிரஷர் பூஜ்யம் என்றால் பேரிங் போய்விட்டது, எஞ்சினைத் திறந்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தொடாதீர்கள், நாங்கள் வருகிறோம், கட்டி இழுக்க வண்டிக்கும் சொல்லியாயிற்று என்று அண்ணன் தொம்மையிடம்தான் சொன்னான். அவன் குரலில் கவலை இருந்தது, அதை அவள் மறுக்க மாட்டாள். கவலைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, பாத்தியில் நீர் வற்றும்போது அடியில் தெரியத் தொடங்குகிற வெள்ளையைப் போல, நான் அன்றைக்கே சொன்னேனே என்பது. அன்றைக்கே அவன் சொன்னதுதான். அப்பா போன பிறகு பாகம் பிரித்தபோது புதிய வண்டிகள் இரண்டும் அவனுக்கு, நகை அவளுக்கு என்றார்கள். நகை வேண்டாம், மூக்கு வண்டி வேண்டும் என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசிராஜன் சிரிக்கவில்லை, ஒரு நிபந்தனை வைத்தான்: இந்த உப்புப் பருவம் முடிகிறவரை எஞ்சினைத் திறக்காமல் ஓட்டிக் காட்டு, வண்டியை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன், திறக்க வேண்டி வந்தால் அன்றைக்கே பழைய வண்டி உடைக்கிற கடைக்குப் போகும், அதன்பின் கேட்கக் கூடாது. சரி என்றாள். பொறுப்பாகப் பேசினாள் என்று சித்தப்பா பாராட்டினார். அவள் பொறுப்பாகப் பேசவில்லை, கர்வமாகப் பேசினாள். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். பருவத்தை முடித்துவைக்க இன்னும் ஒரு மழை பாக்கி. அந்த மழை வருவதற்குள் இந்த முள்.

முள் சொல்வது முள்ளைப் பற்றி மட்டுமே. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பாள், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்த காலத்தில், கௌரவம் என்ற சொல்லை இவ்வளவு மலிவாக வேறெங்கும் விற்று அவள் பார்த்ததில்லை. அளவி காட்டுவது அளவியின் நிலையை, பொருளின் நிலையை நீங்கள்தான் ஊகிக்கிறீர்கள், ஊகிக்கிறோம் என்பதை மறந்துவிட்டால் நீங்கள் இயற்பியல் படிக்கவில்லை, ஜோசியம் பார்க்கிறீர்கள். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவளும் ஒரு காலத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் ஒரு மேசைக்கு இரண்டு ஆண்கள் இரண்டு பெண்கள். ஆண்கள் கம்பியை இணைப்பார்கள், பெண்கள் ரீடிங் எழுதுவார்கள். யாரும் அப்படி விதிக்கவில்லை, எல்லாரும் அப்படியே நின்றார்கள். நீ ரீடிங் எழுதும்மா என்பார் பேராசிரியர், மிகுந்த பரிவோடு, சூடான பாத்திரத்தைக் குழந்தையிடமிருந்து நகர்த்துகிறவரைப் போல. இரண்டு வருடம் மற்றவர்கள் இணைத்த கம்பிகளுக்கு ரீடிங் எழுதினால் ஒன்று நடக்கும்: எந்த ரீடிங் பொய் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இணைத்தவனுக்குத் தன் இணைப்பின் மேல் நம்பிக்கை இருக்கும். எழுதுகிறவளுக்கு அப்படி எந்தக் கடப்பாடும் கிடையாது. இந்தப் பூஜ்யம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பேரிங் தேய்ந்த எஞ்சினின் முள் மாதக் கணக்கில் தாழ்ந்துகொண்டே வரும், சூட்டில் தாழும், குளிரில் ஏறும், கிழவரின் நடையைப் போல. இது நேற்று ஆடியது, தொம்மையே சொன்னார், ஆயில் மீட்டர் முள் கூத்தாடுது டீச்சர் என்று. இன்று ஒரே அடியாகப் படுத்துவிட்டது. எஞ்சினில் ஒரு தட்டல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. நின்றபோதுகூட எப்போதும் போலப் பெருமூச்சு விட்டுத்தான் நின்றது. ஆனால் ஊகிக்கிறோம் என்பதை மறந்துவிட்டால். ஆனால் இது மேசை மேல் வைத்த அளவி அல்லவே, தவறினால் மதிப்பெண்தானே போகும் என்று விட்டுவிட. எண்ணெய் உண்மையிலேயே ஏறாமல் இருந்து அவள் எஞ்சினை ஓட்டினால், சில நிமிடம் போதும், உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் உடைக்கிற கடைக்காரன்கூட முகத்தைச் சுளிப்பான். அண்ணன் வந்து சேர்வதற்குள் என்று ஒரு குரலும், அண்ணன் வந்து சேரட்டுமே என்று ஒரு குரலும் அவளுக்குள் பேசின. இரண்டாவது குரலுக்குப் பேராசிரியரின் பரிவு இருந்தது. அந்தப் பரிவைக் கேட்டதும் அவள் தொம்மையைக் கூப்பிட்டாள்.

தொம்மை மூக்கின் ஒரு பக்கத்து மூடியைத் தூக்கிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தை உணரும் சென்சாரிலிருந்து மீட்டருக்கு வரும் ஒற்றை ஒயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் வெற்று இரும்பில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். மீட்டரும் ஒயரும் நன்றாக இருந்தால் முள் எழ வேண்டும். அண்ணாச்சி தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காவளே டீச்சர் என்றார். அண்ணன் தொடக்கூடாது என்றது எஞ்சினைத்தான், ஒயரை அல்ல என்று அவள் சொன்னது, சட்டம் படித்தவர்கள் பேசும் பேச்சு, அவளுக்கே சற்று வெட்கமாக இருந்தது, ஆனால் தொம்மைக்கு அது போதுமானதாக இருந்தது. மனிதர்களுக்குக் கீழ்ப்படியாமல் இருக்க ஒரு சின்ன வாசல் போதும். சாவியைத் திருப்பினாள். முள் அசையவில்லை. அசையாது, உடனே அசையாது, பழைய மீட்டர் அப்படித்தான், முள்ளுக்குப் பின்னால் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு, தகட்டைச் சுற்றி மெல்லிய கம்பி, கம்பி சூடாகித் தகடு வளைந்துதான் முள் எழ வேண்டும். தெரியும், இதைப் படம் போட்டுக் கற்பித்தவள் அவள். தெரிந்தும் பயந்தாள். தெரிவது ஓரிடத்தில் இருக்கிறது, பயம் வேறிடத்தில் இருக்கிறது. நகை வேண்டாம் என்று சொன்ன அன்று அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது, நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் அந்தத் தகரத்தையா கழுத்தில் மாட்டிக்கொள்வாய். அம்மா மோசமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டாள், அவளுக்குத் தெரிந்த உலோகம் கழுத்தில் கிடப்பது மட்டும்தான். முள் அசைந்ததா. இல்லை, அது கண்ணாடியில் வெயில். வெளியே பாத்தியில் இரண்டு பெண்கள் வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கால் முழுக்க ரப்பர் காலணி, முகம் முழுக்கத் துணி, கண் மட்டும் வெளியே. அவர்கள் பெயர் எந்த வண்டியின் நெற்றியிலும் இல்லை என்று நினைத்தாள், பிறகு என் பெயர் இருந்து நான் என்ன கண்டேன் என்றும் நினைத்தாள். பெயரும்கூட ஒரு வழக்குதான். வண்டி வாங்கிய வருடம் உன் பேருதாம்மா எழுதியிருக்கு என்று அப்பா அவளைத் தூக்கிக் காட்டினார். சாமி பேரு, வீட்டுத் தெய்வத்துப் பேரு, உனக்கும் அதைத்தான் வச்சிருக்கு என்று அண்ணன் சிறுவயதிலேயே திருத்தினான். அப்பாவிடம் போய்க் கேட்டபோது அவர் இரண்டும்தான் என்று சிரித்தார். வியாபாரியின் பதில். எல்லாரையும் திருப்திப்படுத்தி எவருக்கும் ஒன்றும் தராத பதில். முள்ளின் நுனி பூஜ்யத்தின் கோட்டை விட்டு விலகியிருந்தது. விலகி, ஒன்றும் நடக்காததைப் போல, பட்டுப்புடவை கட்டியவள் படியேறுவதைப் போல நிதானமாக, மேலே போய்க்கொண்டிருந்தது, பாதிக்கு, பாதியைத் தாண்டி, கடைசிக் கோட்டுக்கு. எடுத்துவிடுங்கள் என்றாள். தொம்மை எடுத்ததும் அதே நிதானத்தில் இறங்கியது. அவள் சாவியை அணைத்தாள்.

ஆக மீட்டர் நல்ல மீட்டர். ஒயர் நல்ல ஒயர். உப்புக் காற்று எர்த்தை, மின்சாரம் திரும்பிப் போகும் வழியை, எங்கேயோ தின்றுவிட்டது என்று முதலில் அவள் எண்ணியிருந்தாள், உப்பு எதைத்தான் தின்னவில்லை. ஆனால் எஞ்சின் இரும்பைத் தொட்டதும் முள் முழுதாக எழுந்தது என்றால் அந்த இரும்பு வரைக்கும் எர்த்து ஒழுங்காக இருக்கிறது. மிச்சம் இரண்டுதான். ஒன்று சென்சார் பொய் சொல்கிறது, அல்லது சென்சார் உண்மை சொல்கிறது. இரண்டாவது என்றால் ஆவுடையப்பன் சொன்னதே சரி. இறங்கினாள். பம்பர் மேல் கால் வைத்து ஏறிக் குனிந்தபோது எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது, சூடான எண்ணெயின் அந்த மணம், அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் இருந்த மணம், அவர் வீட்டுக்குள் கொண்டு வந்ததும் வீட்டில் எந்தப் பெண்ணும் வெளியே போய் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்படாததுமான மணம். ஸ்பேனரைப் போட்டுச் சென்சாரைச் சுழற்றினாள். தொம்மை தாம் கழற்றுவதாகச் சொன்னார், அவள் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை. அது கையில் வந்தது, பித்தளைக் குமிழ், உள்ளங்கைக்குள் அடங்கும், அதன் திருகு மரையில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் கிழித்தாள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப். ஒரு சுற்று அல்ல, காயத்துக்குக் கட்டுப் போட்டதைப் போல, தாராளமாக, அன்பாக, பல சுற்று. முந்தாநாள் இந்த இடத்தில் எண்ணெய் கசிகிறது என்று பட்டறையில் விட்டது நினைவுக்கு வந்தது. இனி ஒரு சொட்டு வராது தாயி என்று ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதும். வராது. உண்மை. எண்ணெயும் வராது, மின்சாரமும் வராது. இந்தச் சென்சாருக்கு எர்த்து ஒயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அதன் மரைதான் அதன் எர்த்து, உடம்போடு உடம்பு தொட்டுக்கொண்டிருப்பதுதான் அது பேசுவதற்கான ஒரே வழி. அதைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி உட்கார வைத்தால் அது இருக்கும், சுத்தமாக, கசியாமல், எல்லாரும் மெச்சும்படி இருக்கும், ஒரு வார்த்தை பேசாது. பேசாததை நாம் பூஜ்யம் என்று படித்துக்கொள்வோம். அவள் சிரித்தாள். தொம்மை என்ன டீச்சர் என்றார். கட்டுப் போட்டிருக்காரு என்று டேப்பைக் காட்டினாள்.

ஆனால் இது முள்ளுக்குத்தான் பதில். இந்த இடத்தில்தான் மாணவர்கள் அவசரப்படுவார்கள், ஒரு காரணம் கிடைத்ததும் பேனாவை மூடிவிடுவார்கள்; காரணம் ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது, டேப்பும் இருக்கலாம் பேரிங்கும் போயிருக்கலாம், உலகம் ஒரு வேளைக்கு ஒரு கெடுதல் என்று வரிசையில் நிற்பதில்லை. எண்ணெயைப் பார்க்க வேண்டும். எண்ணெயைத்தான் பார்க்க வேண்டும், அதைப் பற்றிச் சொல்லுகிற எதையும் அல்ல. எஞ்சினை நிறுத்துகிற குமிழை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கும்படி தொம்மையிடம் சொன்னாள். டீசல் போகாது, எஞ்சின் பற்றாது, சும்மா சுழலும், எண்ணெய் பம்பு உயிரோடு இருந்தால் சென்சாரைக் கழற்றிய இந்தத் துளை வழியாகச் சொல்லும். சொல்லாவிட்டால் என்ற வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. தொம்மை ஏறி உட்கார்ந்து, மீட்டருக்கு மேல் ஒட்டியிருந்த அந்தோணியாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் எதையும் தொடவில்லை. கட்டைவிரலைத் துளையின் வாயில் வைத்தாள். செல்ஃப் உறுமியது, எஞ்சின் கனத்துப் புரண்டது, ஒரு புரள், இன்னொரு புரள், விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் சூடு, வெறும் அதிர்வு. சித்தப்பா, நகை, சிரிப்பு, உடைக்கிற கடையின் வாசலில் கிடக்கும் கதவுகள், அவற்றின் மேல் கோழிகள், நெற்றிப் பலகையை மட்டும் தனியாக வாங்கிப்போய் யாரோ குளியலறைக்குத் தடுப்பாக வைத்திருப்பார்கள், சந்தனமாரி என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று யாரோ குளிப்பார்கள். இன்னும் ஒரு புரள். விரல் தள்ளப்பட்டது. மெதுவாக அல்ல, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளப்பட்டது, அவள் அழுத்தினாள், அது மீறியது, கறுப்பு எண்ணெய் விரலின் ஓரத்தைப் பிளந்துகொண்டு மணிக்கட்டிலும் சுடிதாரின் மார்பிலும் கன்னத்திலும் அடித்தது, வெதுவெதுப்பாக, கொழுப்பாக, தாராளமாக. போதும் என்று கத்த வேண்டியிருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ரீடிங் எழுதுகிறவள் என்று ஒரு கணம் நினைத்தாள், பிறகு அதைக்கூட நினைக்காமல் எண்ணெய் சொட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழகான கை.

மரையிலிருந்த டேப்பை இழை இழையாகப் பிய்த்து, டீசல் நனைத்த துணியால் பித்தளை மின்னும்வரை துடைத்து, சென்சாரை வெறும் உலோகமாக முறுக்கி இறுக்கி, ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது கரைச்சாலையில் மோட்டார் சைக்கிள் வந்தது. காசிராஜன் ஓட்ட, ஆவுடையப்பன் பின்னால். அண்ணன் முதலில் அவள் கன்னத்தைப் பார்த்தான், பிறகு வண்டியின் திறந்த மூக்கை, பிறகு தொம்மையை. தொம்மை தலைத்துண்டை மறுபடி அவிழ்க்கத் தொடங்கினார். என்ன பிள்ள இது, தொடாதன்னு சொன்னம்லா என்றான். அவள் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தாள். எஞ்சின் பற்றியது. மூவரும் கதவருகே கழுத்தை நீட்டி ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம், அந்தத் தகடு சூடாகும் நேரம், இனி தன் வாழ்க்கையில் எதற்காகவும் இவ்வளவு கர்வமாகக் காத்திருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எண்ணெய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், சுமையோடு ஓடும்போது எவ்வளவு இருக்கும் என்பது தெரியாது, அவ்வளவு தெரிந்துகொண்டு அவ்வளவுக்கு மட்டும் பயப்படுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிடு என்றான் அண்ணன். அவள் அணைக்கவில்லை. முள் கோட்டை விட்டு விலகியது, ஏறியது, பாதிக்குச் சற்று மேலே, பழைய வண்டிக்கு உரிய இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டது. ஆவுடையப்பன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கசிவுக்கு டேப் சுத்துறது எல்லாப் பட்டறையிலயும் உள்ளதுதான் தாயி என்றார். தண்ணிக் குழாய்க்குச் சுத்துங்க என்றாள். இதுக்கு எர்த்தே அந்த மரைதான், அதைக் கட்டிப்போட்டா அது எப்படிப் பேசும். அவர் கோபிக்கவில்லை. சென்சாரை எட்டி ஒரு முறை தொட்டுப் பார்த்தார், பிறகு, நல்லதாப் போச்சு, போனில் சொன்னது போனோடு போகட்டும் என்றார். காசிராஜன் வண்டியின் முன்னால் போனான். செருப்பைக் கழற்றினான். கையைத் தூக்கி நெற்றியில் எழுதியிருந்த பெயரை நோக்கி நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், உண்மையான நன்றியோடு, கண் கலங்க; அவன் பொய்யன் அல்ல, அவளுக்காகவும்தான் கலங்கினான்.

"தாய் நம்மளக் கைவிடல பாத்தியா."

கண்ணாடிக்கு இந்தப்புறத்திலிருந்து அவள் அதைப் பார்த்தாள். அவன் கும்பிடும் இடத்துக்கு நேர் பின்னால், ஒரு சாண் தகரத்துக்கு இப்பால், எண்ணெய் காய்ந்து இறுகத் தொடங்கிய தன் முகம். இத்தனை வருடமும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று நினைத்தாள், எழுதிய பெயருக்குச் சூடம், பெயர்க்காரிக்கு டேப். இரண்டும்தான் என்று அப்பா சிரித்தது கேட்டது. இல்லை அப்பா, ஒன்றுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். எஞ்சின் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டியிருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னாள், வகுப்பில் சொல்வதைப் போல.

"அது சாமி பேரு இல்ல அண்ணே. என் பேரு."

காசிராஜன் கையை இறக்கினான். தொம்மைக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார். பாத்தியில் இருந்த பெண்களில் ஒருத்தி வாருபலகையை ஊன்றி நின்று என்ன என்று பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று கண்டு மறுபடி இழுக்கத் தொடங்கினாள். சந்தனமாரி பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தாள், தொம்மை ஏறினார், வண்டி உப்போடு நகர்ந்தது; சுமையில் முள் ஒரு கோடு தாழ்ந்து, அங்கேயே நின்றது.

பருவம் முடிகிறவரை எஞ்சின் திறக்கப்படவில்லை. காசிராஜன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வண்டியை அவள் பெயருக்கு மாற்றினான்; அதன்பின் தங்கையோடு முன்னைவிடக் குறைவாகவும் முன்னைவிட மரியாதையாகவும் பேசினான். அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக யாரிடமும் காரணம் சொல்லவும் இல்லை. மூக்கு வண்டியின் அடிச்சட்டத்தை உப்பு தின்று முடித்தபோது தானே ஏறிப்போய் உடைக்கிற கடையில் விட்டாள். நெற்றிப் பலகையை எடுத்துவரவில்லை. இப்போது அவளிடம் மூன்று லாரிகள் ஓடுகின்றன. எதன் நெற்றியிலும் பெயரோ பூவோ மயிலோ இல்லை. இடப்பக்கக் கதவில், உரிமையாளர் பெயர் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், சிறிய எழுத்தில், சந்தனமாரி என்று இருக்கிறது.